கால்நடை மருத்துவர் பதில்கள்: பார்வோ கண்ட நாய்க்குட்டிகள்

கேள்வி: தெருவில் விடப்பட்ட நாய்க்குட்டிகளை எடுத்து வந்து வீட்டுக் கொல்லைப்புறத்தில் வைத்துப் பராமரித்து வருகிறோம். அண்மையில் சமாதானபுரம் பக்கம் கிடைத்த ஐந்து குட்டிகளில் இரண்டு, வாந்தியும் இரத்தக் கழிச்சலுமாக அடுத்தடுத்து இறந்துவிட்டன. மூன்றாவது குட்டிக்குப் பார்வோ என்று பரிசோதனையில் தெரிந்திருக்கிறது. எப்படியும் பிழைக்காத தெருக்குட்டிக்கு எதற்குச் செலவு என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். காப்பாற்ற முடியுமா? வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாமா?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: காப்பாற்ற முடியும். சிகிச்சையே இல்லாமல் விட்டால் பத்துக்கு ஒன்பது குட்டிகளைக் கொண்டுபோய்விடக்கூடிய இந்த நோயில், காலம் தாழ்த்தாமல் முறையான சிகிச்சை தொடங்கினால் பத்துக்கு எட்டு, ஒன்பது பிழைத்து எழுகின்றன. தெருக்குட்டி, சாதிக்குட்டி என்ற வேறுபாடு இதில் கிடையாது.

பார்வோ வைரஸ், உடலில் எங்கே செல்கள் வேகமாகப் பெருகுகின்றனவோ அங்கே போய்த் தாக்கும். குடலின் உட்சுவர் உதிர்ந்து நீரும் உப்பும் கழிச்சலாக வெளியேறுகின்றன; அதே நேரத்தில் எலும்பு மஜ்ஜையும் அடிபட்டு வெள்ளையணுக்கள் குறைந்துவிடுவதால், குடலிலிருந்து இரத்தத்துக்குள் நுழையும் பாக்டீரியாக்களை எதிர்க்க ஆளில்லாமல் போகிறது. நாம் வழக்கமாகத் தரும் மருந்துகள் வைரஸை நேரடியாகக் கொல்பவை அல்ல. குட்டியின் உடலே எதிர்ப்புச் சக்தியைத் திரட்டிக்கொள்ளும் வரை, ஏறத்தாழ ஐந்து முதல் ஏழு நாட்கள், அதன் உயிரைப் பிடித்து வைத்திருப்பதுதான் சிகிச்சை.

எனவே முதல் மருந்து நீர். ஈறு ஒட்டும்படி உலர்ந்து, கண் உள்வாங்கி, பிடரித் தோலை இழுத்து விட்டால் மடிப்புக் கலையாமல் அப்படியே நிற்கும் இரண்டு கிலோ குட்டி, தோராயமாக 200 மில்லி நீரை இழந்திருக்கும். அதை ஈடுகட்டுவதோடு அன்றாடத் தேவைக்குக் குறைந்தது 120 மில்லியும், தொடர்ந்து வெளியேறுவதற்கு ஈடான அளவும் உள்ளே போக வேண்டும். காலையில் ஒரு தடவை குளுக்கோஸ் ஏற்றிவிட்டு வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தால் போதும் என்ற நம் ஊர்ப் பழக்கம் பல குட்டிகளுக்கு எமனாகிவிடுகிறது. ரிங்கர் லாக்டேட் போன்ற திரவத்தை நரம்பு வழியாக மெதுவாக, நாள் முழுவதும் ஏற்றுவதே சிறந்தது. இரத்தத்தில் சர்க்கரையும் பொட்டாசியமும் குறைகின்றனவா என்பதையும் மருத்துவர் பார்ப்பார். வாந்தியை நிறுத்தும் ஊசியும், ஆன்டிபயாடிக் ஊசியும் இதனுடன் சேர வேண்டும்.

உங்களுக்கு இராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி தொலைவில் இல்லை. உள்நோயாளியாகச் சேர்க்க வாய்ப்பிருக்கிறதா என்று முதலில் அங்கே விசாரியுங்கள். வாய்ப்பில்லையென்றால் வீட்டில் வைத்துச் சிகிச்சை தருவதும் நம்பிக்கையற்ற வழி அல்ல. அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, மருத்துவமனையில் வைத்துப் பார்த்த குட்டிகளில் 90 விழுக்காடும், முதலில் நரம்பு வழியாக நீர் ஏற்றித் தேற்றிய பின் தோலுக்கடியில் திரவம் செலுத்திக் கவனித்த குட்டிகளில் 80 விழுக்காடும் பிழைத்தன. அந்த முதல் தேற்றுதலை மருத்துவர்தான் செய்ய வேண்டும். அதன் பின் தோலுக்கடியில் செலுத்துவதை அவரிடமே கற்றுக்கொள்ளலாம்.

குட்டியின் உடல் சில்லிட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாந்தி நிற்கும் வரை பட்டினி போட வேண்டும் என்பது பழைய முறை. வேகவைத்து மசித்த கோழிக்கறியைச் சிறிது சிறிதாகத் தொடக்கத்திலிருந்தே கொடுத்தால் குடல் விரைவில் தேறுகிறது. வாந்தி எடுக்கும் குட்டியின் வாயில் மஞ்சள், வேப்பிலைச் சாற்றை வலுக்கட்டாயமாக ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் போய்விடும். மனிதர்களுக்கான கழிச்சல் மாத்திரையையும் வலி மாத்திரையையும் தொடவே வேண்டாம்.

மற்ற இரண்டு குட்டிகளையும் உடனே வேறிடத்துக்கு மாற்றி, 14 நாட்கள் கண்காணியுங்கள். நலமாக இருக்கும் குட்டிகளை முதலில் கவனித்துவிட்டு, நோய்கண்ட குட்டியிடம் கடைசியாகச் செல்ல வேண்டும். அதற்கெனத் தனிச் செருப்பு, தனித் துடைப்பம், தனித் தட்டு. வைரஸ் பெரும்பாலும் நம் காலோடும் கையோடும்தான் பயணம் செய்கிறது. இறந்த குட்டிகளை ஆழமாகக் குழி தோண்டிப் புதையுங்கள். பாளையங்கால்வாயில் வீசுவோரும் இருக்கிறார்கள் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கேள்வி: எங்கள் சிப்பிப்பாறைக் குட்டி பார்வோவில் இறந்தது. வீடு முழுவதும் பினாயில் ஊற்றிக் கழுவிவிட்டோம். இனி வேறு குட்டி வாங்கலாமா?
– ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: பினாயிலுக்கும் டெட்டாலுக்கும் இந்த வைரஸ் அசையாது. முதலில் கழிவும் அழுக்கும் துளியும் இல்லாமல் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். அழுக்கின் மேல் குளோரின் வேலை செய்யாது. பிறகு பத்து லிட்டர் வாளித் தண்ணீருக்குப் புதிய பிளீச்சிங் பவுடர் 60 கிராம் வீதம் கரைத்து, தெளிந்த நீரைத் தரையில் ஊற்றி, பத்து நிமிடமாவது ஈரமாக நிற்கவிட்டுக் கழுவ வேண்டும். சிமெண்டுத் தளத்துக்கு இது போதும். மண் தரையைச் சுத்தம் செய்ய வழியில்லை; நிழலான, ஈரமான மண்ணில் வைரஸ் பல மாதங்கள், சில வேளை ஓராண்டும் தங்கும். ஆகவே குட்டியாக வாங்காமல், தடுப்பூசிகள் முழுமையாகப் போட்ட, வளர்ந்த நாயாக வாங்குவதே என் யோசனை.

கேள்வி: ஒரு தடுப்பூசி போட்ட பிறகும் குட்டிக்குப் பார்வோ வந்தது. மருந்து போலியா?
– ஒரு வாசகர், மேலப்பாளையம்

பதில்: போலி என்று சொல்ல முடியாது; குளிர்பதனம் இல்லாமல் கொண்டுவந்த மருந்தாக இருக்கலாம், ஆனால் பெரும்பாலும் காரணம் வேறு. தாயின் சீம்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடலில் இருக்கும்வரை அது தடுப்பூசியையும் வேலை செய்யவிடாது. அது எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 2 முதல் 4 வார இடைவெளியில், 16 வாரம் நிறையும் வரை திரும்பத் திரும்பப் போடுகிறோம். காப்பகக் குட்டிகளுக்கு 4 வாரத்திலேயே தொடங்கலாம். ஓராண்டு கழித்து மீண்டும் ஒன்று போட வேண்டும்.