நாடக டிக்கெட்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

சென்னையில் ஒரு சின்ன நாடகக் குழுவுக்கு டிக்கெட் கணக்கு பார்ப்பவன் நான். நூறு நாற்காலி, சனி ஞாயிறு இரண்டு காட்சி, அவ்வளவுதான் எங்கள் உலகம். புக்கிங் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்:

வேளச்சேரி வாசகர்: போஸ்டர்ல 300 ரூபாய்னு போட்டிருக்கு. ஆன்லைன்ல கடைசிப் பக்கத்துல தொகை ஏறிடுது. ஜிஎஸ்டியா?

டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது சார். நாடகம், நாட்டியம், சர்க்கஸ் எதுவானாலும் ஆளுக்கு 500 ரூபாய் வரை நுழைவுக் கட்டணத்துக்கு விலக்கு உண்டு (2018 ஜனவரிக்கு முன் இந்த வரம்பு 250). ஏறுவது புக்கிங் தளத்தின் கன்வீனியன்ஸ் ஃபீஸ், அந்த ஃபீஸுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. அதில் ஒரு பைசா குழுவுக்கு வராது. டிக்கெட் பணமே வழக்கமாகக் காட்சி முடிந்த பிறகுதான் எங்கள் கைக்கு வரும். ஆனால் அரங்க வாடகைக்கு அட்வான்ஸ், லைட்காரருக்கு முன்பணம் எல்லாம் முன்னாடியே கொடுத்தாக வேண்டும். அதனால் போஸ்டரில் குழுவின் வாட்ஸ்அப் எண் இருந்தால் அதிலேயே எடுங்கள். உங்களுக்கும் லாபம், எங்களுக்கும் மூச்சு.

அம்பத்தூர் வாசகி: ஜிபேல பணம் போயிடுச்சு. குழுவில கேட்டா வரலைங்கறாங்க. இப்ப நான் என்ன பண்றது?

உடனே இன்னொரு தடவை அனுப்பாதீர்கள் மேடம். பரிவர்த்தனையைத் திறந்தால் 12 இலக்க யூபிஐ எண் இருக்கும், அதை அனுப்புங்கள். ஸ்கிரீன்ஷாட்டை யாரும் தயாரித்துவிடலாம், அதனால் நாங்கள் பேங்க் ஸ்டேட்மென்ட்டில் அந்த எண்ணைத்தான் தேடுவோம். வாசலில் இருக்கும் பட்டியலிலும் பெயருக்குப் பக்கத்தில் அதன் கடைசி நாலு இலக்கம்தான் இருக்கும். சிவப்புப் பேனாவால் டிக் போட்டு உள்ளே விடுவோம்.

எங்களுக்கு வரவே இல்லை என்றால் பணம் தானாகத் திரும்ப வேண்டும். தனிநபர் கணக்குக்கு அனுப்பியது என்றால் மறுநாளுக்குள், வணிக க்யூஆருக்கு என்றால் ஐந்து நாளுக்குள். அதைத் தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று 2019-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. வங்கியில் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

தாம்பரம் வாசகர்: காட்சி ரத்து, ரீஃபண்டுக்கு க்யூஆர் ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்கன்னு ஒருத்தர் கூப்பிட்டார்.

போடாதீர்கள்! பணம் வாங்க பின் தேவையே இல்லை. பின் போட்டால் போகத்தான் செய்யும். போஸ்டரில் உள்ள எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள்.

மயிலாப்பூர் மாமி: நான் சபா மெம்பர். வாணி மகால்ல கார்டைக் காட்டிட்டுப் போறேன். உங்க நாடகத்துக்கு மட்டும் ஏன் காசு?

சபா நடத்தும் நாடகம் என்றால் உங்கள் வருஷ சந்தாவிலிருந்து சபாவே குழுவுக்கு ஒரு தொகை கொடுத்துவிடும் மாமி. நாங்கள் அரங்கை வாடகைக்கு எடுத்து நாங்களே போடுகிறோம். அதே கட்டடத்தில் நடந்தாலும் அன்றைக்கு உங்கள் கார்டு செல்லாது. எது எந்த வகை என்று தெரிய, அழைப்பிதழில் 'உறுப்பினர்களுக்கு' என்று இருக்கிறதா பாருங்கள்.

பெரம்பூர் வாசகர்: நடிக்கறவன் என் ஃப்ரெண்ட். பாஸ் கிடைக்குமா?

நூறு நாற்காலியில் நடிகர்களின் நண்பர்களே அறுபது பேர் தேறுவார்கள். டிக்கெட் எடுங்க தம்பி.

அடையாறு வாசகி: நாலு டிக்கெட் எடுத்தோம், ஒருத்தர் வர முடியலை. பணம் திரும்புமா?

பெரும்பாலும் திரும்பாது. ஆனால் மதியத்துக்குள் சொன்னால் வேறொருவர் பெயருக்கு மாற்றித் தருவோம், வெயிட்டிங்கில் ஆள் இருப்பார்கள். காட்சி தொடங்கியபின் கேட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

கொரட்டூர் வாசகர்: சீட் நம்பர் உண்டா? வாசல்ல டிக்கெட் கிடைக்குமா?

நம்பர் கிடையாது; முன்னால் வந்தவருக்கு முன்வரிசை. அரை மணி முன்னதாகவே வந்துவிடுங்கள். கதவைச் சாத்திவிட்டால் அடுத்து மேடை இருட்டாகும்போதுதான் உள்ளே விடுவோம். மிச்சம் இருந்தால் வாசலில் விற்போம். ரொக்கம் என்றால் சில்லறையோடு வாருங்கள், எங்கள் கல்லாப்பெட்டி ஒரு பிஸ்கட் டப்பாதான்.