குடல் பாக்டீரியாவின் புரதம் கட்டியைக் காட்டிக்கொடுக்குமா?

வாசகர் கேள்வி – பதில்

குடல் பாக்டீரியாவையும் புற்றுநோய் சிகிச்சையையும் பற்றிப் போன இதழில் வந்த சிறு குறிப்புக்கு நெல்லைச் சீமையிலிருந்து நிறையக் கடிதங்கள் வந்தன. அவற்றில் ஆறுக்கு இங்கே பதில்.

கேள்வி: என் அத்தைக்கு நுரையீரல் புற்று. மூன்று வாரத்துக்கு ஒருமுறை இம்யூனோதெரபி ஊசி போடுகிறார்கள். குடல் பாக்டீரியாவின் புரதத்தையும் சேர்த்துக் கொடுத்தால் ஊசி இன்னும் நன்றாகக் கேட்கும் என்று படித்தேன். அது மதுரையிலோ திருவனந்தபுரத்திலோ கிடைக்குமா? செலவைப் பற்றிக் கவலையில்லை.
– வாசகர், களக்காடு

பதில்: எங்கேயும் கிடைக்காது. யாராவது விற்றால் வாங்காதீர்கள். நோய் எதிர்ப்பைத் தூண்டிப் புற்றை விரட்டும் மருந்தாக எந்தக் குடல் பாக்டீரியாப் புரதத்துக்கும் இன்னும் அனுமதி கிடைக்கவில்லை.

ஆனால் நீங்கள் படித்தது வெறும் வதந்தி இல்லை. நம் ரத்தத்திலுள்ள டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் கட்டியைத் தாக்க வல்லவை. அவற்றின் மேல் பி.டி-1 என்றொரு தடை இருக்கிறது, கட்டி அதை அழுத்திப் பிடித்து அவற்றை அடக்கி வைக்கிறது. அத்தைக்குப் போடும் ஊசி அநேகமாக இந்தத் தடையை விலக்கும் வகையாக இருக்கும். இந்த வழியைத் திறந்ததற்காகத்தான் ஜேம்ஸ் ஆலிசனுக்கும் தசுகு ஹோஞ்சோவுக்கும் 2018-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஊசி செய்வது மடையைத் திறக்கிற வேலை. குளத்தில் தண்ணீர் கிடந்தால்தான் வயலுக்குப் பாயும். விழித்து நிற்கும் டி செல்கள்தான் அந்தத் தண்ணீர், அந்தக் குளத்தை நிரப்புவதில் குடல் பாக்டீரியாவுக்குப் பங்கு உண்டு.

மனிதர்களில் இதற்குச் சான்று இருக்கிறது. ஊசி கேட்காத மெலனோமா (ஒரு வகைத் தோல் புற்று) நோயாளிகளுக்கு, ஊசி நன்றாகக் கேட்டவர்களின் மலத்திலிருந்து எடுத்த பாக்டீரியாவைக் குடலில் செலுத்தி, மறுபடி ஊசி போட்டுப் பார்த்தார்கள். 2021-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 15 பேரில் 6 பேருக்கும், இஸ்ரேல் ஆய்வில் 10 பேரில் 3 பேருக்கும் பலன் தெரிந்தது. சிறிய ஆய்வுகள்தான், ஆனால் முன்பு ஊசி கேட்காதவர்களுக்கு அது கேட்டது என்பதுதான் சேதி. அந்தப் பாக்டீரியாவில் எந்தப் புரதம் இந்த வேலையைச் செய்கிறது என்ற கேள்விக்கு வந்திருக்கும் பதில்கள் பெரும்பாலும் எலியில் கண்டவை. அத்தைக்கு இன்றைக்கே உதவக்கூடிய விஷயங்கள் மூன்றாவது, நான்காவது பதில்களில் இருக்கின்றன.

கேள்வி: பாக்டீரியா இருப்பது குடலில், கட்டி இருப்பது நுரையீரலிலோ தோலிலோ. இங்கே உள்ள புரதம் அங்கே எப்படி வேலை செய்யும்?
– கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

பதில்: ஒரே வழி என்று நினைத்தால் குழப்பம்தான். குறைந்தது மூன்று வழிகள் தெரியவந்திருக்கின்றன, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை.

முதலாவது, அபாயமணி. நம் காவல் செல்களின் மேல் டி.எல்.ஆர் என்ற உணர்விகள் உண்டு. பாக்டீரியா நீந்தப் பயன்படும் சாட்டையிழையின் புரதமான ஃபிளாஜெலினை டி.எல்.ஆர்-5 அடையாளம் காணும். கொரிய ஆய்வாளர்கள் வீரியம் குறைத்த சால்மொனெல்லாவுக்குள் விப்ரியோ பாக்டீரியாவின் ஃபிளாஜெலினைச் சுரக்கும் மரபணுவை வைத்து எலிக்குக் கொடுத்தார்கள். 2017-இல் வெளியான அந்த ஆய்வில் கட்டிகள் சுருங்கின. அக்கர்மான்சியா மியூசினிஃபிலா என்ற குடல் பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் உள்ள அமக்-1100 என்ற புரதம் டி.எல்.ஆர்-2 வழியாகப் பேசுகிறது. 70 டிகிரி சூட்டையும் அது தாங்கும் என்பதால் செத்த பாக்டீரியாவும் ஓரளவு வேலை செய்கிறது.

இரண்டாவது, கத்தரிக்கோல். எனக்கு மிகவும் பிடித்த வழி இது. என்ட்ரோகாக்கஸ் ஃபீசியம் என்ற குடல் பாக்டீரியா சுரக்கும் சேக்-ஏ என்ற நொதி தானாக யாரையும் எழுப்புவதில்லை. பாக்டீரியாவின் செல்சுவரைச் சின்னத் துண்டுகளாக நறுக்குகிறது, அவ்வளவுதான். அந்தத் துண்டுகளை நம் செல்லுக்குள் இருக்கும் நாட்-2 என்ற உணர்வி பிடித்துக்கொள்கிறது. 2021-இல் வெளியான எலி ஆய்வில், மோரிலும் சீஸிலும் வாழும் லாக்டோகாக்கஸுக்கு இந்த ஒரே நொதியின் மரபணுவைக் கொடுத்ததும், தடை நீக்கும் ஊசிக்கு அது துணைசெய்தது. உடனே ஃபீசியத்தையே குடிக்கலாமா என்று கேட்காதீர்கள். ஆஸ்பத்திரிகளில் வான்கோமைசின் என்ற வலுவான ஆன்டிபயாடிக்குக்கும் அடங்காத ரத்தத் தொற்றை உண்டாக்குவது அதே பாக்டீரியாதான்.

மூன்றாவது, சாயல். என்ட்ரோகாக்கஸ் ஹிரே என்ற இன்னொரு குடல் பாக்டீரியாவுக்குள் குடியிருக்கும் ஒரு வைரஸின் வால் புரதத்தில் ஒரு துண்டு, சில கட்டிகளில் மிகுதியாக இருக்கும் ஒரு புரதத்தின் துண்டைப் போலவே இருக்கிறது. குடலில் முதலாவதைப் பார்த்துப் பழகிய டி செல், ரத்தத்தில் சுற்றி வரும்போது கட்டியிலுள்ள சாடைக்காரனையும் அடிக்கிறது. இது 2020-இல் வெளியானது. உங்கள் ‘இங்கே, அங்கே’ கேள்விக்கு நேர்ப் பதில் இதில் இருக்கிறது: புரதம் பயணம் போக வேண்டியதில்லை, பயிற்சி பெற்ற செல் போனால் போதும்.

கேள்வி: எங்கள் ஊரில் புரோபயாடிக் பவுடர் டப்பா ஆயிரக்கணக்கில் விலை போகிறது. அதற்குப் பதில் பழைய சோறும் நீத்தண்ணியும் போதும் என்கிறார்கள் பெரியவர்கள். ஊசி போட்டுக்கொள்ளும் என் அண்ணனுக்கு எதைக் கொடுக்கலாம்?
– வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: டப்பாவை விட்டுவிடுங்கள். 2021-இல் அமெரிக்காவில் 128 மெலனோமா நோயாளிகளை ஆராய்ந்தார்கள். நாளுக்கு 20 கிராமோ மேலோ நார்ச்சத்து சாப்பிட்டவர்களுக்கு நோய் அதிக நாள் கட்டுக்குள் இருந்தது. ஒவ்வொரு 5 கிராம் நாருக்கும், நோய் முற்றும் அல்லது உயிர் போகும் அபாயம் சுமார் 30 சதவீதம் குறைந்தது. கடையில் வாங்கிய புரோபயாடிக் சாப்பிட்டவர்களுக்குக் கூடுதல் பலன் தெரியவில்லை. எலிகளிலோ அது ஊசியின் பலனைக் குறைத்தது. வெளியிலிருந்து ஒரே இனத்தைக் கோடிக்கணக்கில் கொட்டினால் ஏற்கெனவே குடியிருப்பவை நெருக்கப்படுகின்றன. அவற்றுக்குத் தீனி போடுவதுதான் முறை.

தீனிக்குக் கணக்கு இதோ. தேசிய உணவூட்டக் கழகத்தின் 2017 அட்டவணைப்படி, சமைக்காத 100 கிராமில் நார்ச்சத்து: பச்சரிசியில் 3 கிராமுக்கும் குறைவு, கம்பில் சுமார் 11.5, சோளத்தில் 10, முழுப் பாசிப்பயற்றில் 17, கறுப்பு உளுந்தில் 20. கொய்யாவில் 8.5, முருங்கைக்கீரையில் 8. அண்ணன் மூன்று வேளையும் வெள்ளைச் சோறு சாப்பிட்டால் அரிசியிலிருந்து 10 கிராம்கூடத் தேறாது. காலையில் 75 கிராம் கம்பில் கூழ், மதியம் சோற்றோடு முருங்கைக்கீரைப் பொரியல், சாயங்காலம் 50 கிராம் பாசிப்பயறு சுண்டல், ஒரு கொய்யா என்றால் 25-ஐத் தாண்டும். நம்மூர் உளுந்தம்பருப்புச் சோற்றைத் தோலோடு கறுப்பு உளுந்து போட்டுப் பொங்குவது இன்னும் நல்லது. தோலை நீக்கினால் நாரில் கிட்டத்தட்டப் பாதி போய்விடும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கினால் வயிறு உப்பி, வாயு சேர்ந்து, அண்ணன் மறுநாளே வேண்டாம் என்பார். வாரத்துக்கு 5 கிராம் வீதம் கூட்டுங்கள், தண்ணீரையும் கூட்டுங்கள். குடல் சுருங்கியிருந்தாலோ, வயிற்றில் குடல்வாய் வைத்திருந்தாலோ, வயிற்றுப்போக்கு நடந்துகொண்டிருந்தாலோ டாக்டரைக் கேட்காமல் நாரைக் கூட்டக் கூடாது.

பழைய சோறு நல்ல உணவு, ஆனால் சோற்றை அடுப்பிலேயே மணிக்கணக்கில் வெதுவெதுப்பாக விடாதீர்கள். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்து வேகும்போது சாவதில்லை, வெதுவெதுப்பில் பெருகி நஞ்சை விடும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. தட்டில் பரப்பி ஆறவைத்து, கொதித்து ஆறிய தண்ணீர் ஊற்றி, இரவு ஊறியதைக் காலையில் முடித்துவிடுங்கள். கீமோவும் சேர்ந்து நடந்து வெள்ளணு இறங்கியிருக்கும் நாள்களில் பழையதும் வேண்டாம், எந்தப் புரோபயாடிக்கும் வேண்டாம். உயிருள்ள பாக்டீரியா ரத்தத்தில் இறங்கிவிடும்.

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு வாய்ப்புற்று, புகையிலை போடுவார். அடுத்த வாரம் இம்யூனோதெரபி தொடங்குகிறது. பல் வலிக்கு மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கித் தரவா? ஊசியும் 20 மில்லிகிராம்தானாம், வெளிநாட்டில் 240 போடுகிறார்களாம். ஏமாற்றுகிறார்களோ என்று பயமாக இருக்கிறது.
– பீடி சுற்றும் சகோதரி, முக்கூடல்

பதில்: ஆன்டிபயாடிக்கை நீங்களாக வாங்காதீர்கள், அம்மா. குடலில் இருக்கும் நல்லதையும் சேர்த்து அது அழிக்கும். 2019-இல் வெளியான இங்கிலாந்து ஆய்வில் 196 நோயாளிகளைப் பார்த்தார்கள். ஊசி தொடங்குவதற்கு முந்தைய 30 நாளுக்குள் ஆன்டிபயாடிக் எடுத்தவர்களின் நடுமட்ட ஆயுள் (பாதிப் பேராவது உயிரோடிருந்த காலம்) 2 மாதம், எடுக்காதவர்களுக்கு 26 மாதம். எடுத்தவர்கள் முதலிலேயே கூடுதல் நோயாளிகளாக இருந்திருக்கலாம், முழுப் பழியையும் மருந்தின் மேல் போட முடியாது. ஆனாலும் தேவையில்லாமல் எடுக்காமலிருக்க இது போதுமான காரணம். பல்லில் சீழ் வைத்திருந்தால் நிலைமை வேறு, அதற்கு ஆன்டிபயாடிக் கட்டாயம் தேவைப்படலாம். நாளைக்கே பல் டாக்டரிடம் காட்டி, ஊசி போடும் டாக்டரிடமும் சொல்லுங்கள்.

20 மில்லிகிராம் ஏமாற்று இல்லை. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் 151 தலை, கழுத்துப் புற்று நோயாளிகளிடம் சோதித்தார்கள். மாத்திரைகளோடு மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் நிவோலுமாப் என்ற இம்யூனோதெரபி ஊசியையும் சேர்த்தவர்களில் ஓராண்டு முடிவில் 43.4 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 16.3 சதவீதம். புகையிலையை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: குடல் பாக்டீரியாவின் வெளிச்சவ்வுப் புரதம் ஒன்றை இ.கோலையில் தயாரித்து, மேக்ரோஃபேஜ் என்ற காவல் செல்களில் போட்டால் டி.என்.எஃப் என்ற அழற்சிச் சைகை எகிறுகிறது. அந்தப் புரதத்தின் மரபணுவே இல்லாத வெற்று வெக்டர் (மரபணுவை ஏற்றும் டி.என்.ஏ வளையம்) தயாரிப்பிலும் பாதி எகிறுகிறது. எங்கே தவறு?
– எம்.எஸ்சி. மாணவர், அபிஷேகப்பட்டி

பதில்: வெற்று வெக்டரை வைத்துப் பார்த்தீர்களே, அதுவே பாதி வெற்றி. பலர் அதை விட்டுவிடுகிறார்கள். நீங்கள் அளப்பது இ.கோலையின் வெளிச்சவ்வு நஞ்சான எண்டோடாக்சின். புரதத்தைப் பிடித்துச் சுத்திகரிக்கும் நிக்கல் பத்தியில் ஹிஸ்டிடின் வாலோடு அதுவும் ஒட்டிக்கொண்டு வரும். துளி அளவு போதும், டி.எல்.ஆர்-4 அலறும்.

பத்தியில் புரதம் ஒட்டியிருக்கும்போதே 0.1 சதவீத டிரைட்டான் எக்ஸ்-114 (ஒரு சோப்பு வகை) கலந்த குளிர்ந்த பஃபரால் நிறையக் கழுவி, பிறகு டிரைட்டான் இல்லாத பஃபரால் கழுவி, கடைசியில் 250 மில்லிமோலார் இமிடசோலால் இறக்குங்கள். இறக்கிய பின்பு என்றால் 1 சதவீத டிரைட்டான் சேர்த்து 4 டிகிரியில் அரைமணி கலக்கி, 37 டிகிரிக்குக் கொண்டுபோய்ச் சுழற்றுங்கள். அடியில் எண்ணெய்போல் பிரிவதில்தான் எண்டோடாக்சின் இருக்கும், மேலே உள்ளதை எடுத்துக்கொண்டு இன்னும் இரண்டு முறை செய்யுங்கள். எஞ்சும் டிரைட்டான் செல்லைக் கொல்லும், அதை நீக்க மறக்காதீர்கள். வெளிச்சவ்வுப் புரதம் சில சமயம் டிரைட்டானோடு கீழே போய்விடும், ஒவ்வொரு சுற்றிலும் ஜெல்லில் பாருங்கள். பஃபர், கண்ணாடி எல்லாமே எண்டோடாக்சின் இல்லாததாக இருக்க வேண்டும். கண்ணாடியை 250 டிகிரியில் அரைமணி சுடுங்கள், ஆட்டோகிளேவ் போதாது. எண்டோடாக்சினை அளக்கும் எல்.ஏ.எல் சோதனையில் மைக்ரோகிராமுக்கு 0.1 அலகுக்குக் கீழே வந்த பிறகு செல்லில் போடுங்கள்.

அதன் பிறகும் புரதம் டி.எல்.ஆர்-2 வழியாகத் தூண்டுகிறது என்று தெரிந்தால் அவசரப்படாதீர்கள். இ.கோலையின் லிப்போபுரோட்டீன்களும் டி.எல்.ஆர்-2-ஐத்தான் தட்டும், எல்.ஏ.எல் சோதனை அவற்றைக் காட்டாது. புரோட்டினேஸ்-கே போட்டுப் புரதத்தைச் செரித்த மாதிரியில் தூண்டல் விழுகிறதா என்று பாருங்கள். விழாவிட்டால் தூண்டியது உங்கள் புரதம் இல்லை. கொதிக்க வைத்துப் பார்ப்பதை மட்டும் நம்ப வேண்டாம், சூடு தாங்கும் புரதங்கள் உண்டு.

கேள்வி: ஊசி போட்ட ஏழாவது வாரம் மாமாவுக்கு நாளுக்கு ஐந்தாறு தடவை போகிறது. குடல் பாக்டீரியா கெட்டுவிட்டதா? தயிர் கொடுத்து நிறுத்தலாமா?
– வாசகர், மேலப்பாளையம்

பதில்: தயிரோடு நிறுத்திவிடாதீர்கள். தடை விலகிய டி செல்கள் மாமாவின் குடலையே தாக்கத் தொடங்கியிருக்கலாம், ஆறேழு வாரத்தில் இது வருவது உண்டு. வழக்கத்தைவிட நான்கு தடவை கூடிவிட்டாலே அன்றைக்கே சிகிச்சை கொடுக்கும் டாக்டரைக் கூப்பிட வேண்டும். ரத்தமோ, வயிற்றுவலியோ, காய்ச்சலோ சேர்ந்தால் இரவென்றும் பாராமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். போக்கை நிறுத்தும் லோபரமைட் மாத்திரையை வாங்கிப் போட்டு அடக்கினால் போக்கு நின்றதுபோல் தெரியும், உள்ளே குடல் புண்ணாகிக்கொண்டே இருக்கும். தொற்று இல்லை என்று மலப் பரிசோதனையில் உறுதியானதும் பெரும்பாலும் ஸ்டீராய்டு கொடுப்பார்கள். அதைச் சட்டென்று நிறுத்தாமல் நாலு முதல் ஆறு வாரத்தில் படிப்படியாகக் குறைப்பார்கள். போகும்போது ஊசியின் பெயரும் போட்ட தேதியும் எழுதிய சீட்டைக் கையில் வைத்திருங்கள். புதிதாகப் பார்க்கும் டாக்டர் இதைச் சாதாரண வயிற்றுப்போக்கு என்று எடுத்துக்கொண்டால் ஆன்டிபயாடிக்கும் குளுக்கோஸும் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.