உள்ளூர் ஆள் சோம்பேறி, வடக்கத்தி ஆள் உழைப்பாளியா?

(இந்த வாரக் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், திருப்பூர் பனியன் கம்பெனிகளில் 31 ஆண்டுகள் வேலை பார்த்த ஓவர்லாக் டெய்லர்.)

கேள்வி: 20 மெஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்கிறேன். உள்ளூர் ஆட்கள் திங்கட்கிழமை வருவதில்லை. சாயங்காலம் ஐந்தரை அடித்தால் பையைத் தூக்கிவிடுகிறார்கள். நூறு நாள் வேலையும் இலவச அரிசியும் நம் ஜனங்களைச் சோம்பேறி ஆக்கிவிட்டன. பீகார், ஒடிசா பையன்கள் எத்தனை மணி வரைக்கும் சொன்னாலும் நிற்கிறார்கள். ஒப்புக்கொள்வீர்களா? – ஒரு வாசகர், பல்லடம்

பதில்: ஒப்புக்கொள்ள மாட்டேன் அண்ணா. ஆர்டர் தள்ளிப்போனால் உங்களுக்கு என்ன கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அதனால் கோபமில்லாமல், என் கதையையே சொல்கிறேன்.

1989-ல் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து இங்கே வந்தேன். அப்போது வயது 17. இரண்டு வருஷம் மழை இல்லை, கண்மாய் காய்ந்து கிடந்தது. கைமடி வேலையில் சேர்ந்தேன். டெய்லர் தைத்துத் தள்ளுகிற பீஸை எடுத்து, நூல் வெட்டி, மடித்து அடுக்க வேண்டும். எங்கள் முதலாளி வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார்: "உள்ளூர்க்காரங்க நோம்பின்னா லீவு, சீருன்னா லீவு. தெக்கத்திப் புள்ளைங்கதான் வேலைக்கு ஆகும்." கேட்கப் பெருமையாக இருக்கும். ஆறு பெண்கள் ஒரே அறையில் இருந்தோம். எங்களுக்கு இங்கே நோம்பியும் இல்லை, சீரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சும்மா உட்கார்ந்தால் அம்மா ஞாபகம் வந்து அழுகை வரும். அதற்குப் பயந்தே ஞாயிறும் வேலைக்குப் போனோம்.

பிறகு கல்யாணம் ஆனது, மகள் பிறந்தாள், ரேஷன் கார்டு வந்தது. நானும் ஐந்தரைக்குப் பையைத் தூக்க ஆரம்பித்தேன். பால்வாடியில் பிள்ளை காத்திருக்கும், குழாயில் தண்ணீர் விடுகிற நேரமும் அதுதான். கை வேகம் துளியும் குறையவில்லை. ஆனால் 2017-ல் ஒரு மேனேஜர் என் முகத்துக்கு நேரே சொன்னார்: "லோக்கல் ஆளுங்களுக்கு உடம்பு வளையறதில்லை." தெக்கத்திப் பிள்ளை என்று பெயர் வாங்கிய அதே ஆள்தான் நான்.

ஐந்தரைக்கு உங்கள் கம்பெனியில் நின்று பாருங்கள். பெண்கள் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். வடநாட்டுப் பையன்கள் டீயைக் குடித்துவிட்டு மறுபடி மெஷினுக்கு வருவார்கள். அவர்களுக்குப் போக வேறு இடம் இல்லை. படுக்கை மாடியில் இருக்கிறது, சோறு மெஸ்ஸிலிருந்து வருகிறது. பெற்றவர்களையும் பெண்டாட்டி பிள்ளையையும் 2,000 கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் யாரோ பார்த்துக்கொள்கிறார்கள். அப்படிப் பார்த்துக்கொள்வதும் ஒரு வேலைதான், ஆனால் அதற்கு உங்கள் கணக்கில் கூலி இல்லை. உள்ளூர்ப் பெண் ஐந்தரைக்கு மேல் செய்கிற வேலையும் அதேதான்.

என் பக்கத்து மெஷினில் ஜார்க்கண்ட் பையன் ஒருவன் இருந்தான். ஒரு நாள் ஓவர்லாக் ஊசி ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது. வேஸ்ட் துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் தைத்தான். வெள்ளை பீஸில் ரத்தம் பட்டால் டேமேஜில் போய்விடும் என்று அந்த விரலை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டு தைத்தான். "ஆஸ்பத்திரிக்குப் போடா" என்றேன். "அரை ஷிப்ட் போயிடும் தீதி (அக்கா)" என்றான். இன்னொரு நாள் அவனே சொன்னான்: "ஊர்ல நான் பத்து மணி வரைக்கும் தூங்குவேன். சோம்பேறின்னு அம்மா திட்டும்." ஊரில் அவன் சோம்பேறி, இங்கே உழைப்பாளி. தன்பாத்–ஆலப்புழா ரயிலில் வருகிற வழியில் ரத்தமா மாறிவிட்டது?

நூறு நாள் வேலையைக் குறை சொல்லாதீர்கள். 2006-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் நம் மாநிலத்தில் மண்வெட்டி பிடித்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் பெண்கள். அதிலும் வயதானவர்கள் நிறைய. அவர்களில் எத்தனை பேர் உங்கள் மெஷினில் வந்து உட்காரப் போகிறவர்கள்? ஆள் குறைந்ததற்குக் காரணம் வேறு. 2019–21 குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 பிள்ளை, பீகாரில் 3. காலேஜ் போகிற வயதுப் பிள்ளைகளுக்கு உயர்கல்விச் சேர்க்கை 2021–22 கணக்குப்படி இங்கே நூற்றுக்கு 47, நாடு முழுவதற்கும் 28. உங்கள் கம்பெனிக்கு வந்திருக்க வேண்டிய பிள்ளைகள் காலேஜில் இருக்கிறார்கள். அதற்காகத்தானே நாங்கள் தைத்தோம்?

திங்கட்கிழமை வராதவர்கள் பற்றி நீங்கள் சொல்வது உண்மை. குடி பல ஆண்களைத் தின்றுவிட்டது. அதை நான் மறைக்க மாட்டேன்.

கேள்வி: எங்கள் தாத்தா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து சாஸ்திரி ஒப்பந்தத்தில் திரும்பி வந்தவர். சிங்களவர்கள் சோம்பேறிகள், அதனால்தான் வெள்ளைக்காரன் நம்மைக் கூட்டிப்போனான் என்பார். உண்மையா? – ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: தாத்தாவின் காதில் அப்படித்தான் விழுந்திருக்கும் அம்மா. துரைமார்கள் சொன்னது அது. தேயிலைக்கு முன்னால் காப்பித் தோட்டம் போட ஆரம்பித்த 1830-களில் கண்டிப் பக்கத்துச் சிங்களவருக்குச் சொந்த வயலும், காட்டை எரித்து விதைக்கிற சேனைப் புனமும் இருந்தன. காடு வெட்டும் கான்ட்ராக்ட் என்றால் அவர்களும் வந்தார்கள். விடியற்காலையில் தப்புப் பறை அடித்ததும் வரிசையில் வந்து நின்று, லயம் என்கிற வரிசை வீட்டில் குடும்பத்தோடு அடைந்து கிடக்கத்தான் சம்மதிக்கவில்லை. வயல் இருக்கிறவன் எதற்குச் சம்மதிப்பான்? பஞ்சத்தில் அடிபட்ட நம் ஆட்களுக்கு வேறு வழி இல்லை. ஆள் பிடிக்கிற கங்காணி முன்பணம் கொடுத்துக் கூட்டிப்போனான், அந்தப் பணமே கழுத்துக் கயிறானது. ‘துண்டு’ என்று ஒரு சீட்டு இருந்தது. இந்த ஆளுக்கு இவ்வளவு கடன் என்று அதில் எழுதியிருக்கும். கடனைக் கட்டுகிற தோட்டத்துக்குத்தான் ஆள் மாறலாம். 1921-ல்தான் அதை ஒழித்தார்கள். இவ்வளவு உழைத்தும் 1948-ல் குடியுரிமை போனது. நீங்கள் சொல்கிற 1964 சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்வது என்று பங்கு பிரித்தார்கள். ‘உழைப்பாளி’ என்ற பட்டம் அன்றைக்கு எதற்கும் உதவவில்லை.

உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு ஒரு நோட்டுப் புத்தகம் ஞாபகம் வந்தது. சனிக்கிழமை சம்பளம் போடுகிற நேரம், வடநாட்டுப் பையன்கள் வரிசையில் நிற்பார்கள். கான்ட்ராக்டர் மடியில் நீளமான நோட்டு. ரயில் டிக்கெட் முன்பணம், மெஸ், அறை வாடகை, போன் வாங்கிய கடன் என்று ஒவ்வொன்றாகக் கழிப்பார். கையில் வந்ததை எண்ணிப் பார்க்கும்போது அந்தப் பையன்களின் உதடு அசைவது தெரியும். நோட்டைத் திருப்பிக் காட்டச் சொல்லி ஒருவனும் கேட்டு நான் பார்த்ததில்லை.

கேள்வி: நானும் டெய்லர்தான் அக்கா. குறைந்த கூலிக்கு வடக்கத்திக்காரர்கள் வருவதால்தான் நமக்கு ரேட் ஏறவில்லை. இவர்களைத் திருப்பி அனுப்பச் சொல்லி நாம் ஏன் கேட்கக்கூடாது? – ஒரு வாசகி, அவிநாசி

பதில்: கூலி அடிபடுகிறது என்பது உண்மை. அதை இல்லையென்று சொல்லி உன்னை ஏமாற்ற மாட்டேன். ஆனால் அவன் வந்ததால் மட்டும் அடிபடவில்லை. அவனை எந்தக் கணக்கிலும் எழுதாமல் வைத்திருக்கிறார்கள் பார், அங்கேதான் அடிபடுகிறது. நான்கு வருஷத்துக்கு ஒருமுறை முதலாளிகளும் சங்கங்களும் போடுகிற சம்பள ஒப்பந்தம் கான்ட்ராக்ட் ஆளுக்கு எட்டுவதே இல்லை. வெளிமாநிலத் தொழிலாளிக்கும் உள்ளூர் ஆளுக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று 1979-லேயே சட்டம் போட்டார்கள். அதை நடத்திக் காட்டியிருந்தால், உன்னைவிட அவன் மலிவு என்று எந்த முதலாளியாலும் கணக்குப் போட முடியாது.

நான் வருவதற்கு முன்னால், 1984-ல், பஞ்சப்படி கேட்டு இந்த ஊரில் 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. அதில் நின்ற பெரியவர்கள் எங்களுக்குக் கதை கதையாகச் சொல்வார்கள். ஆனால் 89-ல் வந்து இறங்கிய எங்களை அவர்களே "கூலியைக் கெடுக்க வந்தவங்க" என்றும் சொன்னார்கள். எங்களைத் திருப்பி அனுப்பியிருந்தால் நான் இன்றைக்கு உனக்குப் பதில் எழுத மாட்டேன். அனுப்பாமல் சங்கத்தில் சேர்த்துக்கொண்டார்கள். முதல் சந்தா ரசீது எழுதிக் கொடுத்தவர் என் பெயரைத் தப்பாக எழுதி, அடித்துத் திருத்திக் கொடுத்தார். இன்னும் அதை வைத்திருக்கிறேன். உன் லைனில் இருக்கிற பையனிடம் பீஸுக்கு என்ன ரேட் வாங்குகிறான் என்று கேள். அவன் ரேட்டும் உன் ரேட்டும் உங்கள் இரண்டு பேருக்கும் தெரியட்டும்.

கேள்வி: பி.காம். முடித்துவிட்டுச் சும்மா இருக்கிறேன். பனியன் கம்பெனிக்குப் போனால் கௌரவக் குறைச்சல் என்கிறார்கள் உறவினர்கள். சிங்கப்பூர் போகலாம் என்று ஏஜென்டைப் பார்த்திருக்கிறேன். – ஒரு வாசகர், ஈரோடு

பதில்: தம்பி, கைமடி வேலைக்குக் கூசுகிற நம் பையன்கள் சிங்கப்பூரில் விடியுமுன்னே லாரியின் பின்னால் உட்கார்ந்து கட்டட வேலைக்குப் போகிறார்கள். என் சொந்தத் தம்பி போனான். ஏஜென்டுக்குக் கட்டிய பணத்தைக் கடன் வாங்கித்தான் கொடுத்தான். முதல் வருஷச் சம்பளம் வட்டிக்கும் அசலுக்கும் சரியாகப் போனது. பர்மிட் ஒரு முதலாளி பெயரில் இருக்கும், அவரோடு சண்டை வந்தால் பெரும்பாலும் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். "நீங்கதான் நல்லா உழைக்கிறீங்க, எங்க ஊர்ப் பசங்க இதுக்கு வரமாட்டாங்க" என்று அங்கே அவனைப் பாராட்டினார்கள். போனில் அதை அவன் சொன்னபோது எனக்கு அழுகை வந்தது. போகவேண்டாம் என்று சொல்லவில்லை. கடன் வாங்கிப் போகாதே. பணம் கட்டுவதற்கு முன் கம்பெனி பெயர், சம்பளம், பிடித்தம் எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கு. எழுத்தில் தர மறுத்தால் எழுந்து வந்துவிடு.

கேள்வி: லைன் வீடு கட்டி வடநாட்டுப் பையன்களுக்கு விட்டிருக்கிறேன். அறைக்கு எட்டுப் பேர், தலைக்கு இவ்வளவு என்று வாடகை. ராத்திரி சத்தம் என்று அக்கம்பக்கத்தில் காலி பண்ணச் சொல்கிறார்கள். – ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: ஒன்றரை ஷிப்ட் முடித்து ஒன்பதுக்கு மேல் வருகிறவன் பத்து மணிக்குத்தான் சப்பாத்தி தேய்ப்பான். சத்தம் அதுதான். உங்கள் வளவில் எத்தனை கக்கூஸ் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. எங்கள் வீதியில் மூன்று அறைக்கு, 24 பேருக்கு, ஒன்றுதான் இருந்தது. காலையில் எட்டரை ஷிப்டுக்கு முன் அந்த வரிசையில்தான் சண்டை மூளும். இன்னொன்று கட்டிய பிறகு சண்டை நின்றது.

வடநாட்டுத் தொழிலாளிகளைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று 2023 மார்ச்சில் பொய் வீடியோ பரவிய வாரம், எங்கள் வீதிப் பையன்கள் கடைக்கு வரவே பயந்தார்கள். உருளைக்கிழங்கும் கோதுமை மாவும் நான் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். கதவைப் பாதி திறந்து, யார் என்று பார்த்துவிட்டுத்தான் முழுசாகத் திறந்தார்கள். காலி பண்ணச் சொல்கிற உங்கள் பக்கத்து வீட்டுக்காரரை ஒரு ஞாயிறு மத்தியானம் உள்ளே கூட்டிப்போய்க் காட்டுங்கள். எட்டுப் பேரை ஐந்தாக்குங்கள். மாதம் பிறந்ததும் ஒவ்வொருவருக்கும் வாடகை ரசீது எழுதிக் கொடுங்கள். பேங்க் கணக்குத் தொடங்கவும் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கவும் முகவரி கேட்கிறார்கள், இந்தப் பையன்களிடம் காட்ட எதுவும் இல்லை.