கொழும்புக்குத் தோசை மாஸ்டராக வரப்போகும் தம்பிக்கு

சங்கரன்கோவிலிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கொழும்பில் ஒரு சைவக் கடையில் தோசை மாஸ்டர் வேலை அமைந்திருக்கிறதாம். சம்பளம் 1,20,000. தங்க இடமும் சாப்பாடும் கடையிலேயே. "முதலில் டூரிஸ்ட் விசாவில் வா, வந்தபிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்கிறாராம் ஏஜென்ட். ரூம் வாடகை எவ்வளவு, சிங்களம் தெரிய வேண்டுமா, கப்பலில் வரலாமா, பி.எஃப். பிடித்தால் திரும்பக் கிடைக்குமா என்று அடுக்கிவிட்டு, போகிற போக்கில் "அண்ணாச்சி, அங்கேயும் லேபர் ஆபீஸ் உண்டா?" என்று முடித்திருக்கிறார்.

தம்பி, அந்தக் கடைசிக் கேள்வியைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். மற்றதை இரண்டு வரியில் முடித்துவிடுகிறேன். கப்பல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குத்தான் வருகிறது. அங்கே இறங்கி மறுபடியும் ஒரு ராத்திரி பஸ்ஸில் உட்கார வேண்டும். விமானத்திலேயே வாருங்கள். கடையில் படுக்கப் போகிறவருக்கு ரூம் வாடகை எதற்கு? அப்புறம், 1,20,000 என்பது இலங்கைக் காசு. நம் ஒரு ரூபாய்க்கு இங்கே சுமார் மூன்றரை ரூபாய். ஆக ஊர்க் கணக்கில் 34,000 சொச்சம். ஏஜென்ட் இதைச் சொன்னாரா?

டூரிஸ்ட் விசா விஷயத்துக்கு வருகிறேன். அதில் வந்து வேலை செய்வது இங்கே குற்றம். முதலாளி முன்கூட்டியே விண்ணப்பித்து, நீங்கள் அதற்குரிய நுழைவு விசாவில் வந்து, பத்தரமுல்லையில் இருக்கும் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் வதிவிட விசா வாங்க வேண்டும். அதுவும் அந்த முதலாளியின் பெயரோடு ஒட்டியிருக்கும். "வந்தபிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்ற அதே வாக்கியத்தை 1999-இல் என்னிடமும் சொன்னார்கள். சொன்னவர் கடை முதலாளியேதான்: எங்கள் பக்கத்து ஊர்க்காரர், எனக்குத் தூரத்து மாமன் முறை.

திருச்சியில் ஏறி கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கினேன். அழைத்துப் போக வந்த ஆள் வணக்கம் சொல்வதற்கு முன்பே, "பாஸ்போர்ட்டைக் கொடு, பத்திரமாக இருக்கட்டும்" என்று வாங்கிக்கொண்டார். 187 பஸ்ஸில் கொழும்புக் கோட்டைப் பகுதிக்கு வந்து சேர்ந்தோம். அதற்குப்பிறகு அந்தப் பாஸ்போர்ட்டை நான் கண்ணால் பார்க்க ஏழு மாதமாயிற்று. அதன் உள்ளே அச்சடித்திருக்கும், இது இந்திய அரசின் சொத்து என்று. மாமன் முறை முதலாளியின் சொத்து என்று எங்கேயும் எழுதவில்லை.

அப்போது யுத்தக் காலம். சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி. தமிழ் பேசுகிறவன் கையில் அடையாளம் இல்லாமல் தெருவில் நடக்க முடியாது. தங்கும் இடத்தைப் பொலிஸில் பதிய வேண்டும். அதனால் முதலாளி அதட்ட வேண்டிய தேவையே இருக்கவில்லை. "வெளியே போனால் பிடித்துக்கொண்டு போய்விடுவான்" என்று அக்கறையாகச் சொன்னால் போதும், நாங்கள் கடைக்குள்ளேயே கிடப்போம். காலை நான்கு மணிக்குக் கல் போட்டால் இரவு பதினோரு மணிக்குத்தான் கழுவுவேன்.

ஒருநாள் பகல் பதினொரு மணி இருக்கும். கல்லாவிலிருந்து, "மேலே ஏறு, மேலே ஏறு" என்று ஒரு குரல். எட்டுப் பேர் ஏணியில் ஏறி, மைதா மூட்டை அடுக்கும் பரணில் போய்க் குந்தினோம். தொழில் திணைக்களத்திலிருந்து, அதாவது நீங்கள் கேட்ட லேபர் ஆபீஸிலிருந்து, ஆள் வந்திருக்கிறது என்று ஒருவன் கிசுகிசுத்தான். எங்களுக்கு அது பொலிஸ் மாதிரித்தான் கேட்டது. எங்கள் சம்பளத்தைப் பார்க்கவும், வேலை நேரத்தைப் பார்க்கவும் வந்த ஆளிடமிருந்து நாங்களே ஒளிந்துகொண்டிருந்தோம். கையில் ஒட்டியிருந்த தோசை மாவு ஒன்றரை மணி நேரத்தில் காய்ந்து, விரலை மடக்கினால் வெடித்து உதிர்ந்தது. கீழே அந்த அதிகாரி பிளேன்டீ குடித்துவிட்டுப் போன சத்தம் கேட்டது.

இப்போது உங்கள் கேள்விக்குப் பதில். உண்டு தம்பி. கொழும்பு நாரஹேன்பிட்டியில் தொழில் செயலகம் இருக்கிறது. தொழில் அலுவலர் முன்னறிவிப்பில்லாமல் கடைக்குள் வரலாம், சம்பளப் புத்தகத்தைப் புரட்டலாம், வேலையாட்களிடம் விசாரிக்கலாம். யார் புகார் கொடுத்தது என்று முதலாளியிடம் சொல்லக்கூடாது என்பதும் விதிதான். தொழில் பரிசோதனை பற்றிய சர்வதேச உடன்படிக்கையை இலங்கை 1956-லேயே ஏற்றுக்கொண்ட நாடு. சட்டத்துக்கும் பஞ்சமில்லை. கடை, அலுவலக ஊழியர் சட்டம் 1954-இல் வந்தது: நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 45 மணி நேரம், அதற்குமேல் ஒன்றரை மடங்குக் கூலி. ஆனால் பரணில் குந்தியிருப்பவன் எந்தப் புத்தகத்திலும் இருக்கமாட்டான்.

இனி பி.எஃப். இங்கே அதற்கு ஊழியர் சேமலாப நிதி என்று பெயர். வெளிநாட்டுக்காரருக்கும் பொருந்தும். உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம், முதலாளி 12 சதவீதம். 1,20,000 என்றால் உங்களிடமிருந்து 9,600, அவர் கையிலிருந்து 14,400, மாதம் 24,000 உங்கள் பெயரில் மத்திய வங்கிக்குப் போக வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியம் என்று இன்னொன்று. அதற்கு 3 சதவீதம், முழுக்க முதலாளி தலையில். நாட்டை விட்டு ஒரேயடியாகப் போகும்போது எடுத்துக்கொள்ளலாம். போக வேண்டும் என்று எழுதினேன், கவனித்தீர்களா? போகிறது என்று எழுதவில்லை.

இதில் ஒரு சாமர்த்தியம் நடக்கும். 2026 ஜனவரியிலிருந்து தேசியக் குறைந்தபட்சச் சம்பளம் 30,000. உங்கள் அடிப்படைச் சம்பளத்தை அந்த 30,000 என்று எழுதி, மீதி 90,000-ஐ ஏதோவொரு படி என்று காட்டி, 30,000-க்கு மட்டும் சேமலாப நிதி கட்டுவார்கள். வாழ்க்கைச் செலவுப் படியும் சாப்பாட்டுப் படியும் கணக்கில் சேர வேண்டும் என்கிறது சட்டம். கடையில் போடும் சோற்றின் பெறுமதிகூடச் சேரும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் அந்த வரியைத் தேடிப் பாருங்கள்.

என் கதையில், ஒரு வருடம் கழித்து ஊருக்குப் போய் முறையான விசாவில் திரும்பினேன். அன்றிலிருந்து மாதாமாதம் 8 சதவீதம் பிடித்தார்கள். மூன்று வருடம். 2003-இல் கொட்டாஞ்சேனைப் பெண்ணைக் கல்யாணம் செய்தேன், விசா மனைவி பெயரில் மாறியது. அப்புறம்தான் நாரஹேன்பிட்டிக்குப் போய் என் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டேன். கணக்கே இல்லை. என் பெயரில் ஒரு ரூபாய்கூடக் கட்டப்படவில்லை. அந்த இடத்திலேயே புகார் எழுதிக் கொடுத்தேன். பலரும் என் தைரியத்தைப் பாராட்டினார்கள். தைரியமாவது ஒன்றாவது? நான் இந்த நாட்டில் இருப்பதும் போவதும் அந்த ஆள் கையில் இல்லை என்றானது, அவ்வளவுதான். அதற்கு முந்தின மாதம் என்றால் நானும் பரணில்தான்.

இந்தமுறை தொழில் அலுவலராக வந்தது ஒரு சிங்கள அம்மா. மத்தியானக் கூட்டம் ஓய்ந்த மூன்று மணிக்கு வந்தார். முன்வாசலில் நுழையாமல் பின் சந்துக்குப் போய், சமையலறைப் படியில் கிடந்த செருப்புகளை எண்ணினார். பதினேழு சோடி. அப்புறம் உள்ளே வந்து சம்பளப் புத்தகத்தைக் கேட்டார். அதில் ஒன்பது பெயர். புத்தகத்தில் ஆள் குறைவதில் இன்னொரு லாபமும் உண்டு: 15 பேருக்குக் குறைந்தால் 1983-ஆம் வருடத்துப் பணிக்கொடைச் சட்டத்திலிருந்து தப்பிக்கலாம், ஐந்து வருடம் வேலை செய்தவனுக்கும் வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை. மீதி எட்டுச் சோடி யாருடையது என்று கேட்டார். விருந்தாளிகள் என்றார் முதலாளி. இரண்டு விருந்தாளிகள் இடுப்பில் துண்டு கட்டி உளுந்து அரைத்துக்கொண்டிருந்தார்கள்.

என் பணம் வர ஒன்பது மாதம் ஆயிற்று. தவணை தவணையாக, கடைசித் தவணை மஜிஸ்திரேட் கோர்ட் வரை போய், பிந்திக் கட்டியதற்கான அபராதத்தோடு. அபராதம் 5 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம் வரை ஏறும். மேலதிக வேலை நேரத்துக்கு என்னிடம் இருந்த ஒரே அத்தாட்சி தினசரி காலண்டர் தாள்கள். கல் போட்ட நேரமும் கழுவிய நேரமும் பின்பக்கம் பென்சிலில் குறித்து வைத்திருந்தேன். அந்த அம்மா எண்ணெய் பட்ட ஒவ்வொரு தாளையும் புரட்டிப் பார்த்தார். நீங்கள் போனிலேயே குறித்து வையுங்கள், பாஸ்போர்ட் பக்கங்களையும் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

அந்த அம்மாவிடம் நான் பேசியது முழுக்கச் சிங்களத்தில். சிங்களம் வேண்டுமா என்று கேட்டீர்களே, இதற்குத்தான் வேண்டும். இருபது வருடம் இங்கே இருந்தும் திரீவீல்காரரிடம் விரலைக் காட்டிப் பேரம் பேசுகிற நம்மாட்கள் இருக்கிறார்கள். கொள்ளுப்பிட்டி அடுக்குமாடியில் இருந்துகொண்டு, "இலங்கை ரொம்ப அமைதியான நாடு சார்" என்கிற கம்பெனி ஆட்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு விசா எடுக்கத் தனி ஆபீஸரே உண்டு, அமைதியாகத்தான் இருக்கும். எனக்கு ஆறாதது இவர்கள் யாருமில்லை. புகார் கொடுத்ததும், "நம்ம ஊர்க்காரன் மேல் போய் இப்படிச் செய்யலாமா?" என்று என்னிடம் வந்து கேட்டவர்கள்தான். அதில் இரண்டு பேர் என்னோடு பரணில் குந்தியிருந்தவர்கள்.

மாமன் முறை முதலாளி இப்போது இல்லை. கடையை மகன் நடத்துகிறார். வடை இன்னமும் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்கிறார்கள், நான் போவதில்லை.

ஏஜென்ட் கொடுத்த தாளைப் படம் எடுத்து அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன். விசா முடியாமல் டிக்கெட் போடாதீர்கள். ஜூனில் வருவதானால் ஒரு குடையும் எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் ஊரில் அனல் அடிக்கும்போது இங்கே மழை.