விலைவாசியை அதிபர் குறைத்துவிட முடியுமா?

கேள்வி: அதிபர் தேர்தல் வரப்போகிறது. பணவீக்கம் குறைந்துவிட்டது என்று ஆட்சியில் இருப்பவர்கள் மார்தட்டுகிறார்கள். கடைக்குப் போனால் எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லை. பழைய விலையைத் திரும்பக் கொண்டுவருவேன் என்கிறார் எதிர்த்து நிற்பவர். எனக்குச் சம்பளம் கூடியிருக்கிறது, ஆனாலும் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. பொருளாதாரத்தை வைத்து வாக்களிப்பதென்றால் எதைப் பார்ப்பது? வீட்டுக் கடன் வாங்குவதைத் தேர்தல் முடியும்வரை தள்ளிப்போடலாமா?

பதில்: ஆட்சியில் இருப்பவர்கள் சொல்வதும் உங்கள் பர்ஸ் சொல்வதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். பணவீக்கம் என்பது விலை அல்ல, விலை ஏறும் வேகம். வேகம் குறைந்தால் வண்டி மெதுவாகப் போகும், பின்னால் வராது.

இலங்கையைப் பாருங்கள். வீடுகள் வாங்கும் பொருட்களின் விலையை அளக்கும் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி 2022 செப்டம்பரில் ஆண்டுப் பணவீக்கம் 69.8 சதவீதம். சரியாக ஒரு வருடம் கழித்து 1.3 சதவீதம். தாளில் பார்த்தால் மாயாஜாலம். ஆனால் 2021 செப்டம்பரில் 100 ரூபாய்க்குக் கிடைத்த சாமான் 2022-இல் சுமார் 170 ரூபாய், 2023-இல் சுமார் 172 ரூபாய். கூடின 70 ரூபாய் அப்படியே நின்றுவிட்டது.

எனவே ‘பழைய விலைக்குக் கொண்டுவருவேன்’ என்று யார் சொன்னாலும் எச்சரிக்கையாக இருங்கள். முட்டை, பெட்ரோல் போன்ற தனித்தனிப் பொருட்கள் விலை இறங்குவது உண்டு. எல்லாப் பொருட்களின் விலையும் சேர்ந்து கணிசமாக இறங்குவது பெரும்பாலும் வியாபாரம் படுத்து, வேலை போகும்போதுதான். அமெரிக்காவில் 1929-க்கும் 1933-க்கும் இடையே விலைவாசி ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இறங்கியது. அதே 1933-இல் நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. நீங்கள் கேட்க வேண்டியது பழைய விலையை அல்ல, இன்றைய விலையை எட்டிப்பிடிக்கும் சம்பளத்தை.

உங்கள் சம்பளம் எட்டிப்பிடித்ததா என்பதை நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான்கு ஆண்டுகளில் சம்பளம் 100-இலிருந்து 115 ஆனது, வீட்டுச் செலவுக்கான விலைகள் 100-இலிருந்து 120 ஆயின என்று வைத்துக்கொள்வோம். 115-ஐ 120-ஆல் வகுத்தால் 0.958. சம்பளம் 15 சதவீதம் ஏறியும் வாங்கும் சக்தி 4 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே குறைந்திருக்கிறது. உங்கள் கணக்கும் இப்படி வந்தால் கை வறண்டதற்குக் காரணம் அதுதான், உங்கள் ஊதாரித்தனம் அல்ல.

உங்கள் வீட்டுக்கான விலையேற்றத்தை எப்படிப் பிடிப்பது? அரசு வெளியிடும் சராசரி உங்கள் வீட்டுக்குப் பொருந்தாமல் போகலாம். பழைய பில்களையும் வங்கிக் கணக்கு அறிக்கையையும் எடுத்துக்கொள்ளுங்கள். போன வருடத்தின் மூன்று மாதம், இந்த வருடத்தின் அதே மூன்று மாதம் இருந்தால் போதும். செலவை நான்கைந்து தலைப்பில் பிரித்து, ஒவ்வொன்றும் மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்று எழுதுங்கள். பக்கத்தில் அதன் விலை எத்தனை சதவீதம் மாறியது என்பதை எழுதிப் பெருக்குங்கள். வாடகை 35 சதவீதம், 12 சதவீதம் ஏறியது என்றால் 4.2. உணவு 30, ஏற்றம் 8 என்றால் 2.4. போக்குவரத்து 15, இறக்கம் 4 என்றால் கழித்தல் 0.6. மற்றவை 20, ஏற்றம் 2 என்றால் 0.4. கூட்டினால் 6.4. அரசு 3.5 என்று அறிவித்திருந்தால் அது பொய் என்று ஆகிவிடாது. வாடகை கட்டாத வீடுகளும் அந்தச் சராசரியில் இருக்கின்றன.

இந்தக் கணக்கில் பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. மொத்தச் செலவை ஒப்பிடக் கூடாது, ஒரு அலகின் விலையைத்தான் ஒப்பிட வேண்டும். பிள்ளை வளர்ந்து பால் கூடுதலாக வாங்கினால் அது விலை உயர்வு அல்ல. பாக்கெட் விலை அப்படியே இருந்து எடை 500 கிராமிலிருந்து 450 ஆகியிருந்தால் அது 11 சதவீத உயர்வு. வருடத்துக்கு ஒருமுறை கட்டும் காப்பீட்டை 12-ஆல் வகுத்துச் சேருங்கள், இல்லாவிட்டால் அந்த மாதம் கணக்கைக் குலைத்துவிடும்.

வட்டி விஷயம் தனி. அமெரிக்காவின் நுகர்வோர் விலைச் சுட்டெண்ணில் வீட்டுக் கடன் வட்டி இல்லை. சொந்த வீட்டில் இருப்பவர், அதே வீட்டை வாடகைக்கு எடுத்தால் எவ்வளவு ஆகும் என்ற மதிப்பைத்தான் 1983 முதல் சேர்க்கிறார்கள். அங்கே 30 ஆண்டுக் கடனுக்கான வட்டி 2021 தொடக்கத்தில் 3 சதவீதத்தை ஒட்டி இருந்து, 2023 இலையுதிர் காலத்தில் 7-ஐத் தாண்டியது. 3-இலிருந்து 7-க்குப் போனாலே ஒரு லட்சம் டாலர் கடனுக்கு மாதத் தவணை 422 டாலரிலிருந்து 665 ஆகிறது. அந்த வித்தியாசம் பணவீக்க எண்ணில் நேரடியாக ஏறுவதே இல்லை. புள்ளிவிவரம் நன்றாக இருக்கும்போதும் மக்கள் முகம் சுளித்ததற்கு இது ஒரு பெரிய காரணம்.

இனி வாக்குறுதிகள். ஒவ்வொன்றையும் எடுத்து, அந்தப் பிடி யார் கையில் இருக்கிறது என்று கேளுங்கள். கச்சா எண்ணெய், கோதுமை விலையைப் பெரும்பாலும் உலகச் சந்தை முடிவு செய்கிறது. வட்டி விகிதம் பல நாடுகளில் மத்திய வங்கியின் கையில். வரியும் பட்ஜெட்டும் பொதுவாக நாடாளுமன்றத்தின் ஒப்புதலில். ஆகவே அதிபரை மட்டும் பார்த்து வாக்களித்துவிட்டு, நாடாளுமன்றத்துக்கு யார் வருகிறார்கள் என்பதைக் கவனிக்காமல் விட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

அமெரிக்காவில் அதிபர் தன் கையெழுத்தால் பெரும்பாலும் சாதிக்கக்கூடியது இறக்குமதித் தீர்வை. கேட்க நன்றாக இருக்கும்: வெளிநாட்டுச் சரக்குக்கு வரி, உள்நாட்டில் வேலை. 2018 ஜனவரியில் அதிபர் டிரம்ப் சலவை இயந்திர இறக்குமதிக்குத் தீர்வை போட்டார். முதல் 12 லட்சம் இயந்திரங்களுக்கு 20 சதவீதம், அதற்கு மேல் வருபவற்றுக்கு 50. சலவை இயந்திரத்தின் விலை சுமார் 12 சதவீதம் ஏறியது. வேடிக்கை என்னவென்றால், தீர்வையே இல்லாத துணி உலர்த்தும் இயந்திரமும் கூடவே ஏறியது. அங்கே இரண்டையும் ஜோடியாக வாங்குவார்கள். கடைக்காரர் ஏற்றத்தை இரண்டிலும் பிரித்துப் போட்டார். போட்டி குறைந்ததால் உள்நாட்டு நிறுவனங்களும் விலையைத் தூக்கின. புதிதாக வந்த வேலைகள் சுமார் 1,800. மக்கள் கூடுதலாகக் கொடுத்த பணத்தை அந்த எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு வேலைக்கு ஆண்டுக்கு 8 லட்சம் டாலருக்கு மேல் வருகிறது என்று பொருளாதார ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். தீர்வை கூடவே கூடாது என்பதல்ல. ‘வெளிநாட்டுக்காரன் கட்டுவான்’ என்று சொன்னால் நம்பாதீர்கள்.

இரண்டாவது கேள்வி: யார் பணம்? வரிக்குறைப்பு வாக்குறுதிக்கு இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். மறுபடியும் இலங்கை. 2019 நவம்பர் அதிபர் தேர்தலில் கோட்டாபய ராஜபக்ச வென்றார். டிசம்பர் 1 முதல் வாட் (மதிப்புக் கூட்டு) வரி 15-இலிருந்து 8 சதவீதமானது. வாட் வரிக்குப் பதிவு செய்யவேண்டிய ஆண்டு விற்பனை வரம்பு 1.2 கோடி ரூபாயிலிருந்து 30 கோடிக்கு ஏறியது. விகிதத்தை எல்லோரும் பேசினார்கள். வரம்பைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. உண்மையில் வரி கட்டுபவர்களின் பட்டியலையே கரைத்தது அந்த வரம்புதான். நாட்டின் மொத்த உற்பத்தியில் 12 சதவீதத்துக்கு மேல் இருந்த அரசு வருவாய் 2021-இல் 8 சதவீதத்தை ஒட்டி வந்தது. கொரோனாவும் சுற்றுலா முடக்கமும் சேர்ந்தன. மத்திய வங்கி பணத்தை அச்சிட்டு ஓட்டையை அடைத்தது. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசு அறிவித்தது. அதே வாட் வரி 2022 ஜூனில் 12, செப்டம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. எட்டாகக் குறைத்த வரி நான்கே வருடத்தில் பதினெட்டாகத் திரும்பி வந்தது.

வரிக்குறைப்பு அறிக்கையைப் படிக்கும்போது எந்தச் செலவு வெட்டப்படும் என்ற வரியைத் தேடுங்கள். ‘வளர்ச்சி வந்தால் வருவாய் தானே வரும்’, ‘வீண் செலவை ஒழிப்போம்’ என்ற இரண்டு மட்டும் இருந்தால் அங்கே விடை இல்லை. மிச்சம் இருப்பது கடன் அல்லது அச்சடிப்பு. இரண்டையும் பின்னால் நீங்கள்தான் கட்டுவீர்கள்.

மூன்றாவது, காலம். வாக்குப்பதிவுக்கு முந்தைய சில மாதங்களின் எண்களை நம்பாதீர்கள், ஏனென்றால் அவற்றை நல்லவிதமாக வளைப்பது எளிது. துருக்கியில் 2023 மே தேர்தல் மாதத்தில் வீடுகளுக்கு இயற்கை எரிவாயு இலவசம் என்றார் அதிபர் எர்டோகன். புள்ளிவிவரத் துறையும் எரிவாயு விலையைப் பூஜ்யம் என்றே பதிந்தது. அந்த மாதத்தின் விலையேற்றம் 0.04 சதவீதம்! தேர்தல் முடிந்ததும் ஜூலையில் பொது வாட் வரி 18-இலிருந்து 20 ஆனது, 8.5 சதவீதமாக இருந்த மத்திய வங்கி வட்டி 2024 மார்ச்சில் 50-ஐத் தொட்டது.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். அமெரிக்காவில் 1991 மார்ச்சிலேயே பொருளாதார மந்தநிலை முடிந்துவிட்டது. ஆனால் வேலையின்மை ஏறிக்கொண்டே போய் 1992 ஜூனில் 7.8 சதவீதத்தை எட்டியது. நவம்பரில் அதிபர் புஷ் தோற்றார். மந்தநிலை முடிந்த தேதியை அதிகாரபூர்வமாக அறிவித்தது டிசம்பரில். நிறுவனங்கள் ஆள் எடுப்பதைக் கடைசியில்தான் செய்யும் என்பதால் வேலைவாய்ப்பு பெரும்பாலும் பின்தங்கியே வரும்.

ஆகவே ஆட்சியை மதிப்பிடக் கடைசி மூன்று மாதத்தைப் பார்க்காமல், பதவிக்காலம் முழுவதிலும் விலையைக் கழித்த சம்பளம் எப்படிப் போனது என்று பாருங்கள். அதை அண்டை நாடுகளோடு ஒப்பிடுங்கள். எல்லோருக்கும் 8 சதவீதம் ஏறி உங்களுக்கும் 8 ஏறியிருந்தால் அது பெரும்பாலும் உலகச் சூழல். அவர்களுக்கு 8, உங்களுக்கு 20 என்றால் வித்தியாசமாக வரும் அந்த 12-க்கு ஆட்சியிடம் பதில் கேட்கலாம்.

கடைசியாக உங்கள் கடன். தேர்தல் முடிவுக்காகக் காத்திருப்பதில் பெரிய லாபம் இல்லை. எதிர்பார்க்கப்பட்ட முடிவைச் சந்தை முன்கூட்டியே வட்டியில் சேர்த்துவிடும். எதிர்பாராத முடிவு எந்தப் பக்கம் இழுக்கும் என்பதை யாராலும் சொல்ல முடியாது. மாறும் வட்டியா நிலையான வட்டியா, முன்கூட்டி அடைத்தால் அபராதம் உண்டா என்று கேளுங்கள். மாறும் வட்டி என்றால் இரண்டு புள்ளி ஏறினாலும் கட்ட முடியுமா என்று சோதியுங்கள். 20 ஆண்டுக் கடனில் ஒரு லட்சத்துக்கு 8 சதவீத வட்டியில் மாதத் தவணை 836. வட்டி 10 ஆனால் 965. அந்த ஏறிய தவணை உங்கள் இப்போதைய வாடகையைவிட எவ்வளவு கூடுதலோ, அதை மூன்று மாதம் தனியாக எடுத்துவைத்து வாழ்ந்து பாருங்கள். முடிந்தால் தேர்தலுக்கு முன்பே வாங்கலாம். முடியாவிட்டால் யார் ஜெயித்தாலும் அந்தக் கடன் உங்களுக்குப் பெரியது; தொகையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.