மகளை நர்சிங் சேர்க்கத் தயங்கும் பெற்றோருக்கு

பி.எஸ்சி. நர்சிங் இடம் கையில் இருக்கிறது. ஆனால் ஆஸ்பத்திரியில் நர்ஸை அடித்துவிட்டார்கள் என்ற செய்தியைப் பார்த்ததிலிருந்து மகளைச் சேர்க்கவே மனம் வரவில்லை என்கிறீர்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் இடத்தை விட்டுக்கொடுப்பதற்கு முன், சட்டம் எதுவரை துணை வரும், எங்கே கைவிடும் என்று பார்த்துவிடுங்கள்.

மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதைத் தடுக்க 2008-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. டாக்டர், நர்ஸ், பாராமெடிக்கல் ஊழியர்களோடு மருத்துவ மாணவர்களும் நர்சிங் மாணவிகளும் அதில் சேர்த்தி. அதாவது உங்கள் மகள் கிளினிக்கல் போஸ்டிங் (மருத்துவமனை வார்டில் பயிற்சி) போகும் முதல் நாளிலேயே அவளுக்கும் இது பொருந்தும். அடி விழுந்திருக்க வேண்டும் என்பதில்லை. மிரட்டுவதும், வேலை செய்யவிடாமல் வழிமறிப்பதும் குற்றம்தான். தண்டனை குறைந்தது 3 ஆண்டு, கூடினால் 10 ஆண்டு சிறை, அதோடு அபராதம். ஸ்டேஷன் ஜாமீன் கிடையாது, கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

ஓட்டைகளும் உண்டு. இந்தச் சட்டம் மருத்துவமனைக்குள் பணியில் இருக்கும்போது நடப்பதற்கு. டூட்டி முடிந்து பஸ் ஸ்டாப்பில் மறித்துத் தாக்கினால் ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பொதுப் பிரிவுகள்தான். செக்யூரிட்டி, துப்புரவுப் பணியாளர், ரிசப்ஷனில் இருப்பவர் ஆகியோரும் 2008 சட்டத்தின் பட்டியலில் வெளிப்படையாக இல்லை.

இவ்வளவு கடுமையான சட்டம் இருந்தும் வழக்குகள் ஏன் நீர்த்துப்போகின்றன? முதல் சில மணி நேரத்தில் எதுவும் எழுத்தில் பதிவாகாதது ஒரு காரணம். மகளுக்கு இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அடிபட்டால் காயம் சின்னதாகத் தெரிந்தாலும் கேஷுவாலிட்டியில் காட்டி காயங்களைக் குறித்துவைக்கும் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் (ஏ.ஆர்.) பதிவு செய்யாமல் வீட்டுக்குக் கிளம்பக் கூடாது. கன்னத்துச் சிவப்பு மறுநாள் இருக்காது, ஏ.ஆர். பதிவு இருக்கும். அடுத்தது புகார். ‘நோயாளியின் உறவினர் தகராறு செய்தார்’ என்று எழுதினால் சாதாரணச் சச்சரவாக முடிந்துவிடும். ‘இரவு 11.40-க்கு, பெண்கள் வார்டில் 6-ம் எண் கட்டில் அருகே நான் டிரிப் மாற்றிக்கொண்டிருந்தபோது, நோயாளியுடன் இருந்தவர் என் கையை முறுக்கினார், பி.பி. கருவியைத் தரையில் வீசினார், ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர் பார்த்தார்’ என்று எழுதினால், பணியில் இருந்தது, தாக்கியது, பணியைத் தடுத்தது, பொருளைச் சேதப்படுத்தியது நான்கும் அதிலேயே வந்துவிடுகின்றன. 2008 சட்டத்தின் பெயரையும் (Tamil Nadu Medicare Service Persons and Medicare Service Institutions (Prevention of Violence and Damage or Loss to Property) Act, 2008) புகாரில் குறிப்பிடச் சொல்லுங்கள். அன்றைய போஸ்டிங் பட்டியலின் நகலை இணைப்பது மாணவிக்கு மிக முக்கியம். ஊழியர் என்பதற்கு அவளிடம் சம்பளச் சீட்டு இருக்காது. சிசிடிவி பதிவு சில நாட்களில் தானாக அழிந்துவிடும். அதைப் பத்திரப்படுத்தச் சொல்லி நிர்வாகத்துக்கு அன்றே கடிதம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்க வேண்டும்.

ஸ்டேஷனில் பலர் ஏமாறுவது சி.எஸ்.ஆர். ரசீதில். அது மனு வாங்கியதற்கான அத்தாட்சி மட்டுமே, எஃப்.ஐ.ஆர். அல்ல. எஃப்.ஐ.ஆர். நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகக் கொடுத்தாக வேண்டும். பதிவு செய்ய மறுத்தால், புகாரை எழுதி எஸ்.பி.க்கு அனுப்பலாம், அங்கேயும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். இதற்கு வழிசெய்வது 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்ற வழக்கு நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு.

புகாரை மாணவி தனியாகச் சுமக்க வேண்டியதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2024 ஆகஸ்டில் கொல்கத்தாவில் பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்ட பிறகு, வன்முறை நடந்தால் 6 மணி நேரத்துக்குள் நிறுவனத்தின் தலைவரே எஃப்.ஐ.ஆர். பதிவு செய்யவைக்க வேண்டும் என்று மத்திய சுகாதாரத் துறை மத்திய அரசு மருத்துவமனைகளுக்கு உத்தரவிட்டது. நீங்கள் பார்க்கும் கல்லூரியின் மருத்துவமனையில் அப்படி ஒரு நடைமுறை உண்டா, புகார்தாரராக யார் கையெழுத்திடுவார் என்று அட்மிஷனுக்கு முன்பே கேளுங்கள். ‘அப்படியெல்லாம் இங்கே நடக்காது’ என்பது பதில் அல்ல.

பாலியல் சீண்டல் என்றால் வழி வேறு. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டப்படி, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இத்தகைய புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்க வேண்டும். மாணவியும் அங்கே புகார் கொடுக்கலாம், பொதுவாக 3 மாதத்துக்குள். குழு உறுப்பினர்களின் பெயர்கள் சுவரில் ஒட்டியிருக்கின்றனவா என்று நேரில் போகும்போது பாருங்கள். அப்படியே நைட் டூட்டியில் மாணவியோடு ஸ்டாஃப் நர்ஸ் இருப்பாரா, வார்டிலிருந்து ஹாஸ்டல் வரை விளக்கு எரிகிறதா என்பதையும், முடிந்தால் இருட்டிய பிறகு ஒருமுறை நடந்து பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.