கட்டுநாயக்கவில் இறங்கி மலையேறுவது எப்படி?

ஏப்ரல் நெருங்குவதாலோ என்னவோ, இம்மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை விமான நிலையத்துக்கும் மலைநாட்டுக்கும் இடையிலான பயணம் பற்றியவையாகவே இருக்கின்றன. நான்கை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். முதற்கேள்விக்கான பதில் நீண்டுவிட்டதற்கு வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். மற்ற மூன்றுக்குமான விடையில் பாதி அதற்குள்ளேயே அடங்கிவிட்டது.

கேள்வி: திருச்சியில் இருக்கும் என் அக்காவின் குடும்பத்தினர் ஏப்ரல் விடுமுறைக்கு நுவரெலியா பார்க்க வருகிறார்கள். பெரியவர்கள் நால்வர், பிள்ளைகள் இருவர். அக்காவின் மாமியாருக்கு எழுபது வயது கடந்துவிட்டது. விமானம் இரவு பத்தரை மணிக்குக் கட்டுநாயக்கவில் இறங்குகிறது. எங்கள் தோட்டத்தில் வேன் வைத்திருக்கும் ஒருவர், மாலையில் புறப்பட்டுப் போய் விடிவதற்குள் அழைத்து வந்துவிடலாம் என்கிறார். அத்தான் இணையத்தில் ஒரு நிறுவனத்தைப் பார்த்து வைத்திருக்கிறார். அதன் கட்டணம் கூடுதல். எதைத் தெரிவு செய்வது? – கொட்டகலை வாசகி

பதில்: வாடகையை ஒப்பிடுவதற்கு முன்னால் மணிக்கூட்டைப் பாருங்கள். கொட்டகலையிலிருந்து கட்டுநாயக்கவுக்கு ஐந்து மணித்தியாலம் என்று வைத்துக்கொண்டால், நாலு மணிக்குப் புறப்படும் வேன் ஒன்பது மணிக்குப் போய்ச் சேரும். குடிவரவு முடிந்து, பயணப் பொதிகள் வந்து, உங்கள் உறவினர்கள் வெளியே வரும்போது பதினொன்றரையாவது ஆகிவிடும். அதற்குப் பிறகு அதே சாரதி அதே ஐந்து மணித்தியாலத்தை மீண்டும் ஓட்ட வேண்டும். கித்துல்கலையைத் தாண்டிக் கினிகத்தேனை ஏற்றத்தில் தொடங்கி வட்டவளை, ஹட்டன் என்று நீளும் வளைவுகளும் பனிமூட்டமும் அவருக்கு எதிர்ப்படுவது இரவு இரண்டரை மணிக்கும் நாலரை மணிக்கும் இடையில், அதாவது மனிதனுக்குக் கண் தானாக மூடும் நேரத்தில். அன்று பகலிலும் அவர் வேறு ஹயர் ஓடிவிட்டு வந்தவராக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். 2025 மே மாதம் கொத்மலை, கெரண்டி எல்லப் பகுதியில் பயணிகள் பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததும் விடியற்காலையில்தான். அந்த விபத்துக்கான காரணத்தை ஆராய்வது என் வேலையன்று. ஆனால் மலைப்பாதையில் அந்த நேரத்தில் நேரும் பிழைக்குத் திருத்தம் கிடையாது என்பதை நாம் எல்லோரும் அறிவோம்.

ஆகவே முதலிரவை நீர்கொழும்பில் கழிக்கச் சொல்லுங்கள். விமான நிலையத்திலிருந்து ஏறத்தாழப் பத்துக் கிலோமீற்றர் தூரம்தான். பிக்மீ, ஊபர் போன்ற செயலிகள் மூலம் பிடிக்கும் வாகனமோ, வருகை மண்டபத்திலுள்ள வாடகை வாகனக் கருமபீடமோ அதற்குப் போதும். ஆறு பேரும் பொதிகளும் ஒரே காரில் அடங்காது என்பதால் வேனாகவே கேட்க வேண்டும். விடுதிச் செலவு வீண் என்று அத்தான் சொல்லக்கூடும். நள்ளிரவில் மலையேறி விடியற்காலை வந்து சேரும் குடும்பம் அன்று முழுவதும் படுத்துறங்கத்தான் போகிறது. எனவே ஒரு நாள் எப்படியும் கழியத்தான் செய்யும்.

மறுநாள் காலை வருவதென்று முடிவானால் நான் உங்கள் தோட்டத்து வேன்காரரையே தெரிவு செய்வேன். மூடுபனியில் எந்த வளைவில் எதிரே பஸ் வரும் என்பது அவருக்குப் பழக்கம். வழியில் பெரியம்மாவுக்கு முடியாமல் போனால் வண்டியை நிறுத்திக் காத்திருப்பார். இணைய நிறுவனங்களில் விமானத்தின் தாமதத்தைத் தாமாகவே கவனித்து நேரத்தை மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு. அது இரவில் நேரே அழைத்துவருவோருக்குப் பயன்படும், உங்களுக்கு அத்தனை தேவையில்லை. வேன்காரரிடம் சிலவற்றைத் தயங்காமல் கேட்டுவிடுங்கள். ஓட்டப்போவது அவரா, வேறொருவரா? முதல்நாள் இரவே வந்து படுத்துறங்குவாரா, அதற்கான இடமும் பாட்டாவும் யார் பொறுப்பு? வண்டி வாடகைக்கு ஓடுவதாகக் காப்புறுதி செய்யப்பட்டிருக்கிறதா, தனிப்பட்ட பாவனைக்கு மட்டும்தானா? தனிப்பட்ட பாவனைக்கென்று காப்புறுதி செய்த வண்டி ஹயர் ஓடும்போது விபத்துக்குள்ளானால் இழப்பீடு மறுக்கப்பட இடமுண்டு. இறுதியாக, சொல்லும் தொகைக்குள் வெறும் வண்டியாகப் போகும் தூரம், காத்திருப்பு, நெடுஞ்சாலைக் கட்டணம், வாகனத் தரிப்பிடக் கட்டணம் எல்லாம் அடங்குகின்றனவா என்று கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். "நம்ம ஆளுங்கதானே, பார்த்துக் குடுங்க" என்று தொடங்கும் வாடகையே கடைசியில் கனக்கும், அனுபவத்தில் சொல்கிறேன்.

வழியைப் பொறுத்தமட்டில், நீர்கொழும்பிலிருந்து கண்டிக்கு வரக் கொழும்புக்குள் நுழைய வேண்டியதேயில்லை. மினுவாங்கொடை, வேயங்கொடைப் பக்கமாக வந்து நிட்டம்புவவில் கண்டி வீதியைப் பிடிக்கலாம். மத்திய அதிவேக நெடுஞ்சாலையில் மீரிகமவுக்கும் குருநாகலுக்கும் இடைப்பட்ட பகுதி 2022 இல் திறக்கப்பட்டதே தவிர, அதில் ஏறிக் கண்டியில் இறங்க முடியாது. கண்டியில் மதிய உணவும் ஓய்வும் முடித்துக்கொண்டு, கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு மேலும் 77 கிலோமீற்றர் ஏற வேண்டும். கடற்கரையிலிருந்து ஒரே நாளில் 1,868 மீற்றர் உயரத்துக்கு வருகிறார்கள் என்பதை மறக்க வேண்டாம். கம்பளிச் சட்டைகள் பெட்டியின் அடியில் இல்லாமல் கையில் இருக்கட்டும். பிள்ளைகளுக்குப் புசல்லாவைக்கு முன்னால் வயிறு நிறையக் கொடுக்காதீர்கள். எலுமிச்சம்பழமும் நாலைந்து சொப்பிங் பைகளும் எட்டும் தூரத்தில் இருப்பது நல்லது. ஏப்ரலில், அதுவும் புத்தாண்டை ஒட்டிய நாட்களில், நுவரெலியாவின் வசந்தகாலக் கூட்டத்தால் றம்பொடைக்கு மேலே வண்டிகள் ஊர்ந்துதான் செல்லும் என்பதால், காலை ஆறு மணிக்குப் பிந்தாமல் புறப்படுங்கள்.

கேள்வி: இலங்கைக்கு வருபவர்கள் மலைக்கு ரயிலில்தான் வர வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். விமான நிலையத்திலிருந்து நேரே ரயிலில் வர முடியாதா? – வத்தேகம வாசகர்

பதில்: முடியாது. கட்டுநாயக்க, புத்தளம் பாதையில் இருக்கிறது. மலைநாட்டு ரயில்கள் கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளைப் பாதையில் போகின்றன. விமானத்தில் இறங்கிக் கோட்டைக்குப் போய், அங்கே காத்திருந்து, பெரிய பெட்டிகளை நெரிசலான ரயிலில் ஏற்றிக்கொண்டு நானுஓயாவில் இறங்கினாலும் நுவரெலியா நகருக்கு மீண்டும் ஒரு முச்சக்கர வண்டி பிடிக்க வேண்டும். வந்த நாளன்று இந்தச் சோதனை வேண்டாம். பொதிகளோடு வேனில் மேலே வந்து தங்கிவிட்டு, வேறொரு நாளில் நானுஓயாவில் ஏறிப் பட்டிப்பொல, ஒஹிய வழியாக அப்புத்தளை வரைக்கும் கைவீசிக்கொண்டு போய் வரட்டும். பாதையின் அழகெல்லாம் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது என்பது, ஹட்டன்காரர்கள் கோபித்தாலும், என் கருத்து. ஆசனங்களை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். 2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டு ரயில் பாதையைப் பல இடங்களில் சிதைத்ததால், எதுவரை ரயில் ஓடுகிறது என்பதை நிலையத்தில் கேட்டுவிட்டே பயணச்சீட்டு வாங்குங்கள்.

கேள்வி: நீரில் இறங்கும் விமானத்தில் ஹட்டனுக்கே வரலாமாமே? – நோர்வூட் வாசகர்

பதில்: உங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள காசல்ரீ நீர்த்தேக்கத்தில் அத்தகைய சிறிய விமானங்கள் இறங்கியிருக்கின்றன. பகலில் மட்டுமே பறக்கும். மேகம் தாழ்ந்தால் பயணம் தடைப்படும். பொதியின் எடைக்கு வரம்பு உண்டு. ஓர் ஆசனத்தின் விலையில் முழுக் குடும்பமும் வேனில் வந்துவிடலாம். தேனிலவுக்கு வருபவர்கள் விரும்பினால் விசாரிக்கட்டும். முறுக்கு டின்களோடு வருபவர்களுக்குச் சரிவராது.

கேள்வி: டிசம்பரில் எங்கள் வீட்டுக்கு வரும் விருந்தினரின் திரும்பும் விமானம் அதிகாலை இரண்டு மணிக்கு. அப்புத்தளையிலிருந்து எத்தனை மணிக்கு, எந்த வழியாக அனுப்ப வேண்டும்? – அப்புத்தளை வாசகி

பதில்: பின்னோக்கிக் கணக்கிடுங்கள். மூன்று மணித்தியாலத்துக்கு முன் விமான நிலையத்தில் இருக்க வேண்டுமென்றால் இரவு பதினொரு மணி. பயணத்துக்கு ஆறு மணித்தியாலம், எதிர்பாராத தடங்கலுக்கு இரண்டு. ஆக, பிற்பகல் மூன்று மணிக்கு வீட்டு வாசலில் வண்டி நிற்க வேண்டும். பேரகலையில் இறங்கிப் பலாங்கொடை, இரத்தினபுரி வழியாகப் போவது வழக்கமான பாதை. இன்னொன்று, கொஸ்லாந்தை, வெல்லவாய, தனமல்வில வழியாகத் தெற்கே இறங்கி, 2020 இல் அம்பாந்தோட்டை வரை நீட்டப்பட்ட தெற்கு அதிவேக நெடுஞ்சாலையை மத்தளைப் பக்கத்தில் பிடிப்பது. அது கொட்டாவையில் வெளிச்சுற்று நெடுஞ்சாலையோடும், பின்பு கெரவலப்பிட்டியில் கட்டுநாயக்க நெடுஞ்சாலையோடும் இணைந்துவிடும். தூரமும் கட்டணமும் கூடும். ஆனால் வெல்லவாயவுக்குப் பிறகு மலை வளைவுகள் இல்லாததால், வாந்திக்கு அஞ்சுபவர்களுக்கு அது நல்லது.

ஆனால் நீங்கள் கேட்பது டிசம்பர் மாதம். வடகீழ்ப் பருவமழை உங்கள் பக்கத்துச் சரிவுகளைத்தான் நனைக்கும். 2014 ஒக்டோபரில் மீரியபெத்தைத் தோட்டத்தைப் புதைத்த மண்சரிவு நிகழ்ந்தது அந்தக் கொஸ்லாந்தைப் பகுதியில்தான் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையை இரண்டு நாட்களுக்கு முன்பிருந்தே கவனித்து, பதுளை மாவட்டத்துக்கு எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தால் விருந்தினரை முதல்நாள் பகலிலேயே கீழே அனுப்பி, நீர்கொழும்பில் தங்கவைத்துவிடுங்கள்.